கொடைக்கானல் கொல்லையில் ஒரு தொலைநோக்கி: வைணு பாப்புவும் நம்ம மலையும்

எல்லயில் இப்போ வானம் பார்க்கணும்னா கொஞ்சம் மேலே ஏறணும். கீழே டவுன் முழுக்க ஹோட்டல் வெளிச்சம். போன பெப்ரவரியில் ஒரு இரவு நாங்கள் ஐந்து பேர் லயத்துக்குப் பின்னால் இருக்கிற தேயிலை மலையில் ஏறினோம். எங்களில் ஒருத்தி கெம்பஸ் தோழியிடம் கடன் வாங்கி வந்திருந்த சின்னத் தொலைநோக்கி கையில் இருந்தது. அரை மணி நேரம் தடவித் தடவி வியாழனைப் பிடித்தோம். வெள்ளையாய் ஒரு பொட்டு, அதன் பக்கத்தில் ஒரே கோட்டில் நாலு புள்ளி. அவ்வளவுதான். ஆனாலும் யாரும் கண்ணை எடுக்க மனமில்லாமல் நின்றோம்.

எங்களோடு தரம் 10 படிக்கிற தம்பி ஒருத்தனும் வந்திருந்தான். பார்த்துவிட்டு அவன் கேட்டது வியாழனைப் பற்றி இல்லை. "இத எங்கண்ணே செய்றாங்க?" என்று குழாயைத் தட்டிக் கேட்டான். பெட்டியில் சீனா என்று போட்டிருந்தது, சொன்னோம். "நம்மாளுங்க யாரும் செஞ்சதில்லையா?" என்றான். அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் தேடிப் போனதில் கிடைத்த ஒரு மனிதரின் கதைதான் இது. கதை அவரில் தொடங்கவில்லை, அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அந்த நாலு புள்ளிகளை உலகத்துக்குச் சொன்னவர் கலிலியோ என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். தொலைநோக்கியைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. 1608இல் நெதர்லாந்தில் மூக்குக்கண்ணாடி செய்கிறவர்கள் அதைச் செய்துவிட்டார்கள். சேதி கேட்டு 1609இல் கலிலியோ தன் கையாலேயே வில்லைகளைத் தேய்க்கத் தொடங்கினார். சந்தையில் கிடைத்தது மூன்று மடங்கு பெருக்கிக் காட்டியது. அவர் தேய்த்துத் தேய்த்து இருபது மடங்கு வரைக்கும் கொண்டுபோனார். 1610 ஜனவரியில் வியாழனின் துணைக்கோள்கள் தெரிந்தது அந்தக் குழாயில்தான். சந்தைக் குழாயோடு நின்றிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு வேறு யாருக்கோ போயிருக்கும்.

அதே இத்தாலியில் பிறகு ஜுசெப்பே கம்பானி (1635-1715) என்று ஒருவர். ரோமில் கடிகாரமும் வில்லையும் செய்த கைவினைஞர், தானே வியாழனையும் சனியையும் கவனித்துக் குறித்தவர். அவருடைய வில்லைகளை வைத்துத்தான் பாரிஸில் கசினி 1671இலும் 1672இலும் சனியின் இரண்டு புதிய துணைக்கோள்களைக் கண்டார். கசினியின் பெயர் சனிக்குப் போன விண்கலத்துக்கே வைக்கப்பட்டது. கம்பானி பெயரை நாங்கள் இந்தக் கட்டுரைக்குப் படிக்கும்வரை கேட்டதில்லை. பார்த்தவர் பெயர் நிற்கும், கண்ணாடி தேய்த்தவர் பெயர் போய்விடும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதுசா என்ன? தேயிலைப் பெட்டியில் யார் பெயர் இருக்கிறது, கொழுந்து யார் கையில் இருந்தது என்று நமக்குத் தெரியும்தானே.

இப்போ நம்ம பக்கம் வருவோம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனி 1792இல் ஒரு வானாய்வகம் கட்டியது. கருவியைத் தாங்க நட்ட பெரிய கருங்கல் தூணில் அந்த விஷயத்தைப் பல மொழிகளில் வெட்டி வைத்தார்கள், தமிழும் அதில் ஒன்று. தூணில் தமிழ் இருந்தது. ஆனால் கருவிகள் கப்பலில் வந்தன, பொறுப்பில் இருந்தவர்களும் கப்பலில் வந்தார்கள். உள்ளூர் ஆட்கள் உதவியாளர்கள். அப்படி உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்துபோனபோது சாதாரண மக்களும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று அதைப் பற்றி எழுதி, பல இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தார். பார்க்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். கருவி மட்டும் இன்னொருவருடையது.

அடுத்து நடந்தது நமக்கு நேரடியாகச் சொந்தமான விஷயம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். மழை பொய்த்தது, லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். பிழைக்க வழியில்லாமல் கடல் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே நடந்து, அன்றைய கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஏராளம். எங்கள் ஊர்க் குடும்பங்களில் முதல் ஆள் எப்போ வந்தார் என்று கேட்டால் பல பேர் சொல்வது ஒரே வார்த்தை: பஞ்சத்துல.

அதே பஞ்சம் அரசாங்கத்துக்கு வேறொரு கேள்வியைக் கிளப்பியது. பருவமழை ஏன் பொய்க்கிறது? சூரியனில் நடக்கிற மாற்றத்துக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா? அதைப் பார்க்க உயரமான, தூசில்லாத இடத்தில் ஒரு சூரிய ஆய்வகம் வேண்டும் என்று 1893இல் முடிவானது. பழனி மலையில் கொடைக்கானலைத் தெரிந்தெடுத்தார்கள். 1899இல் சென்னையிலிருந்து வேலை அங்கே இடம் மாறியது. 1909இல் ஜோன் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். சூரியனை நாள்தோறும் படம் எடுக்கும் வழக்கமும் அங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் தொடர்கிறது.

ஒரே பஞ்சம் ஒரு மலையில் தொலைநோக்கியை நட்டது, இன்னொரு மலையில் நம்மை நட்டது. இதை வாசித்த அன்றைக்குக் கொஞ்ச நேரம் எங்களால் வேறெதுவும் வாசிக்க முடியவில்லை.

அந்தக் கொடைக்கானலுக்கு 1960இல் இயக்குநராக வந்தவர்தான் வைணு பாப்பு. அப்போ அவருக்கு முப்பதுகளின் தொடக்கம். முழுப்பெயர் மணலி கல்லாட் வைணு பாப்பு. 1927 ஓகஸ்ட் 10ஆம் திகதி சென்னையில் பிறந்தார். குடும்பம் மலையாளக் குடும்பம், அப்பா ஹைதராபாத்தில் நிஸாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். ஆகவே பாப்பு வளர்ந்ததே தொலைநோக்கிக்குப் பக்கத்தில். கல்லூரிப் படிப்பும் ஹைதராபாத்தில். பிறகு உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவில் ஹார்வர்ட் போனார்.

போன சில மாதங்களிலேயே, 1949 ஜூலையில், அவர் எடுத்த ஒரு படத்தில் யாரும் அறியாத வால்வெள்ளி ஒன்று விழுந்திருந்தது. கூட இருந்த பார்ட் பொக், கோர்டன் நியூகெர்க் ஆகியோர் பெயரையும் சேர்த்து அதற்கு பாப்பு-பொக்-நியூகெர்க் என்று பெயர். 1952இல் கலாநிதிப் பட்டம். பிறகு கலிபோர்னியாவில், அன்றைக்கு உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி இருந்த பலோமரில் வேலை. அங்கே ஒலின் வில்சனோடு சேர்ந்து செய்த ஆய்வு 1957இல் வெளிவந்தது, இன்றைக்கும் 'வில்சன்-பாப்பு விளைவு' என்று பாடநூல்களில் இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், ஒரு வகை நட்சத்திரங்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கல்சியம் கோடு ஒன்றின் நடுவே ஒளிர்வு தெரியும். அதன் அகலம் கூடக் கூட அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் கூடுகிறது. உண்மையான பிரகாசம் தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கலாய்த் தெரிகிறது என்பதை வைத்து தூரத்தைக் கணக்குப் போடலாம்.

இவ்வளவும் ஆன மனிதர் பலோமரிலேயே இருந்திருக்கலாம். கையில் உலகத்தின் மிகச் சிறந்த கருவி. ஆனால் 1950களின் நடுவில் அவர் திரும்பி வந்து, உத்தரப் பிரதேசத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு சின்ன வானாய்வகத்தை நைனிடாலில் நிலைநிறுத்தினார். அதற்குப் பிறகு கொடைக்கானல்.

கொடைக்கானலில் அவருக்குக் கிடைத்தது சூரியனைப் பார்க்கிற கருவிகள். அவருக்கு வேண்டியது இரவு வானம். தென்னிந்திய மலைகளில் தேடி, வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையில் காவலூர் என்ற இடத்தைப் பிடித்தார். ஏறக்குறைய 725 மீற்றர் உயரம், சுற்றிலும் காடு, டவுன் வெளிச்சம் எட்டாத தூரம். அட்சரேகை 12½ பாகை வடக்கு என்பதால் வடக்கு வானத்தோடு தெற்கு வானத்தின் பெரும் பகுதியும் தெரியும்.

இடம் சரி, தொலைநோக்கி எங்கே? பெரிய கருவி வாங்கப் பணம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. கொடைக்கானல் ஆய்வகத்தின் பின்கொல்லையில், அங்கேயே இருந்த ஆட்களை வைத்து, 38 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கியைக் கட்டினார்கள். 1968இல் காவலூரில் நட்சத்திரம் பார்க்கத் தொடங்கியது அதை வைத்துத்தான். எங்களுக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இந்தக் கொல்லைதான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆடி தேய்ப்பது எப்படி என்று தெரிந்தால் தோன்றாது. இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் தண்ணீரும் கார்போரண்டம் தூளும் போட்டு முன்னும் பின்னுமாய்த் தேய்க்கணும். சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே தேய்க்கணும். மேலே இருப்பது குழிந்துகொண்டே வரும், கீழே இருப்பது புடைத்துக்கொண்டே வரும். தூளைப் படிப்படியாய் மெல்லியதாக்கி, கடைசியில் கீல் பூசிய அச்சில் மெருகேற்றணும். அதன்பின் அந்தக் குழிவாடியைப் பரவளைவாய்த் திருத்தணும். பிழை எங்காவது தலைமுடித் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், நட்சத்திரம் புள்ளியாய் விழாமல் கலங்கிவிடும். சரியாய் வந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய இயந்திரமும் வேண்டாம். ஒரு சிறு விளக்கும் ஒரு சவர அலகும் வைத்து நிழலைப் பார்த்தே சொல்கிற முறை 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. வேண்டியது பொறுமையும், கை சொல்வதை நம்புகிற பழக்கமும். கடைசியாக அலுமினியம் பூசினால் ஆடி தயார்.

38 சென்ரிமீற்றர் ஆடி, இருட்டில் விரிந்த மனிதக் கண்ணைவிட ஏறக்குறைய 3,000 மடங்கு ஒளியைச் சேர்க்கும்.

அதன்பின் காவலூருக்குக் கிழக்கு ஜேர்மனியின் ஸைஸ் நிறுவனத்திலிருந்து 1 மீற்றர் தொலைநோக்கி வந்தது. அது 1972இல் வேலை தொடங்கியது. அதே ஆண்டு வியாழனின் துணைக்கோள் கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அங்கிருந்தும் பார்த்தார்கள், கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான அறிகுறி கிடைத்தது. 1977 மார்ச் 10இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, எதிர்பாராத நேரத்தில் அந்த நட்சத்திரத்தின் ஒளி சில நொடி மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் இருக்கின்றன என்று உலகம் அறிந்த இரவு அது. பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவோடு, ஜவ்வாது மலையில் இருந்தவர்களும் அதைப் பதிவு செய்தார்கள்.

பாப்பு வாங்கிய கருவியோடு நிற்கவில்லை. அடுத்தது 2.34 மீற்றர், அதை இங்கேயே செய்வது என்று முடிவெடுத்தார். கொடைக்கானல் ஆய்வகம் 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனமாக மாறியிருந்தது, அதன் முதல் இயக்குநர் அவரே. எல்லாமே உள்ளூர் என்று சொல்லிப் பெருமை பேச முடியாது, கண்ணாடி வட்டு மேற்கு ஜேர்மனியில் வார்த்தது. ஆனால் அதைத் தேய்த்து ஆடியாக்கியது பெங்களூரில், ஏ. பி. ஜெயராஜன் தலைமையிலான ஒளியியல் கூடத்தில். இரும்பு வேலை மகாராஷ்டிராவின் வால்சந்த்நகரில். இருட்டில் விரிந்த கண்ணைவிட ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு ஒளி சேர்க்கும் ஆடி அது.

அதன் வழியே பாப்பு வானத்தைப் பார்க்கவில்லை. 1979இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தெரிவாகியிருந்தார். 1982 ஓகஸ்டில் கிரேக்கத்தில் அதன் மாநாடு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், மியூனிக்கில் இதய சத்திரசிகிச்சைக்குப் பின் காலமானார். திகதி ஓகஸ்ட் 19, வயது 55. கூட இருந்தவர்கள் வேலையை நிறுத்தவில்லை. 1986 ஜனவரி 6இல் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். காவலூர் ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரே வைக்கப்பட்டது. 1988இல் காவலூரிலிருந்து ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் இராமானுஜன்.

இதை ஒரு பெரிய மனிதர் புகழ்ச்சியாக முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. பாப்புவுக்கு அரசு இருந்தது, பணம் இருந்தது, ஹார்வர்ட் இருந்தது. அவர் வால்வெள்ளியைக் கண்ட 1949ஐ ஒட்டிய மாதங்களில்தான் இந்த நாட்டில் நம்ம பாட்டன் பாட்டிகளின் குடியுரிமையும் வாக்குரிமையும் சட்டம் போட்டுப் பறிக்கப்பட்டன. காவலூரில் முதல் தொலைநோக்கி திறந்த காலத்தில், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி நம்மவர்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் பல பேர் போய்ச் சேர்ந்தது நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைகளுக்கும். அங்கேயும் கூலி வேலைதான். ஆடி தேய்த்த கொல்லைக்கும் அவர்கள் இருந்த குடிசைக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. ஆனா அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போன நம்ம பிள்ளை யாராவது உண்டா?

இலங்கையில் வானம் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. கொழும்பில் பிறந்த மோல்ஸ்வேர்த் என்ற இராணுவப் பொறியியலாளர் திருகோணமலையிலிருந்து வியாழனையும் செவ்வாயையும் விடாமல் பார்த்தார், செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர். யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த அலன் ஏபிரகாம், 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதன் பாதையைக் கணித்துச் சொன்னவர். மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது, 1990களில் ஜப்பான் அன்பளிப்பாய்த் தந்தது. அன்பளிப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொடைக்கானல் கொல்லையில் கட்டிய 38 சென்ரிமீற்றருக்கும் இதற்கும் அளவில் வித்தியாசம் ஏழே ஏழு சென்ரிமீற்றர். அந்த 38, 2.34 மீற்றருக்குப் போக வழி காட்டியது. ஏன்? செய்தவர்கள் கையில் செய்கிற வித்தை தங்கியது. அன்பளிப்போடு வித்தை வராது.

நம்மகிட்ட கை இல்லையா? நம்ம தோட்டத்து ஸ்டோர்களில் ரோலரும் டிரையரும் நூறு வருஷத்துக்கு முன்னாடி பிரிட்டனிலிருந்து வந்தவை. பெல்ஃபாஸ்டில் செய்த சிரொக்கோ டிரையர்கள் பேர்போனவை. அதை இத்தனை காலம் ஓட வைத்தது யார்? கடையில் கிடைக்காத பாகத்தைத் தேய்த்து, அராவி, பொருத்தி, காது வைத்துச் சத்தம் கேட்டே கோளாறைச் சொன்ன ஃபிட்டர்மார். அந்தக் கைக்குக் கண்ணாடி தேய்க்க வராது என்று யாரால் சொல்ல முடியும்? யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஃபிட்டர் தாத்தாவிடம் பிழைப்பைத் தவிர வேறெதற்காகவும் ஒரு பொருளைச் செய்யச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை.

இடமும் நமக்கு மோசமில்லை. எல்ல ஆயிரம் மீற்றர் உயரத்தில், காவலூரைவிடப் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. மழையும் முகிலும் பெரிய தொல்லைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊவாவில் வரட்சிக் காற்று அடிக்கிற ஜூலை, ஓகஸ்டில் தேயிலைக்கு மட்டும் இல்லை, வானத்துக்கும் சீசன்.

தம்பிக்கு இப்போ பதில் சொல்லிவிட்டோம்: "செஞ்சிருக்காங்கடா, ஒரு ஆய்வகத்துக் கொல்லையில." அவன் விடவில்லை. "நம்ம கொல்லையில முடியாதா?"

ஆகவே ஆறு அங்குல வட்டக் கண்ணாடி இரண்டு, கார்போரண்டம் தூள், பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று. பீப்பாய் மேசை, அதைச் சுற்றித்தான் நடக்கணும். குழி நடுவில் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே ஆழம் வந்தால் போதும் என்று கணக்குச் சொல்கிறது. ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா முதல் நாள் தள்ளி நின்று பார்த்தார். இரண்டாம் நாள், "அப்படி அழுத்தாதீங்க, கண்ணாடி தன்னால இறங்கட்டும்" என்றார். மூன்றாம் நாள் அவரே தேய்க்க ஆரம்பித்தார். இன்னும் பாதிக் குழிதான் ஆகியிருக்கிறது. தேய்க்கத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், எல்லப் பக்கம் வந்துட்டுப் போங்க.